வல்லத்துக்காரர் கணக்கு

சுந்தரபாண்டியபுரம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரோஜா படத்து ஊர்னு சிலர் சொல்வீங்க. மிச்சப் பேர் சூரியகாந்தி ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. ஆடி, ஆவணியில கேரளாவுல இருந்து கார் காரா வந்து எங்க ஊர் வயல் ஓரத்துல இறங்கி போட்டோ எடுத்துட்டு, அப்படியே குற்றாலத்துல ஒரு குளியலைப் போட்டுட்டுப் போவாங்க. எங்களுக்கும் அதுல பெருமைதான். ஆனா அந்தக் குற்றாலத்துக்குப் பக்கத்துலயே வல்லம்னு ஒரு ஊர் இருக்கு. அங்க எதுக்காகவாவது யாராவது வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை. 1770-ல கேட்கப்பட்டு, நூற்று அறுபது வருஷத்துக்கு மேல உலகத்துக் கணித மேதைகளை அலைய விட்ட ஒரு கேள்வியோட பெரும்பகுதியைத் தீர்த்தவர் பிறந்த ஊர் அது. அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ்.எஸ். பிள்ளைன்னா எண் கோட்பாடு படிக்கிறவங்களுக்கு எந்த நாட்டுலயும் தெரியும். தென்காசி பஸ் ஸ்டாண்டுல கேட்டாதான் தெரியாது.

அவரைப் பத்தி இந்த இதழ்ல ஏன் எழுதுறேன்னா, நம்ம ஹாஸ்டல்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது வர்ற ஒரு சண்டைக்காகத்தான். மூளை பிறப்புல வர்றதா, வளர்ப்புல வர்றதா? ஒருத்தன் மேத்ஸ் பேப்பர்ல சென்டம் வாங்கிட்டா, அவங்க அப்பா கணக்கு வாத்தியார், ரத்தத்துலயே இருக்குன்னு முடிச்சிடுறோம். அரியர் வெச்சவன் அதே வசனத்தைத் திருப்பிப் போட்டு, எங்க வீட்ல யாருக்குமே கணக்கு வராதுன்னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிறான். ரெண்டு பேரும் நம்புறது ஒரே தியரி. கவனிச்சிருக்கீங்களா?

பிள்ளை பிறந்தது 1901 ஏப்ரல் 5. அப்பா சுப்பையா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்போது அம்மா போயிட்டாங்க. அப்பாவும், உறவுல ஒரு வயசான அம்மாவும் சேர்ந்து வளர்த்தாங்க. படிக்கப் போனது செங்கோட்டை. அங்க சாஸ்திரியார்னு ஒரு ஆசிரியர். இந்தப் பையன்கிட்ட ஏதோ இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சவர் அவர்தான். பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் படிக்கிறப்போ அப்பாவும் இறந்துட்டார்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. அம்மா இல்லை, அப்பா இல்லை, பதின்ம வயசு. 1910-களோட கடைசி. நம்ம பக்கத்துல ஒரு பையன் இந்த இடத்துல வந்து நின்னா அடுத்து என்ன நடந்திருக்கும்? ஏதாவது கடையில கணக்கு எழுத உட்கார வெச்சிருப்பாங்க. கணக்கு நல்லா வரும் வேற! அது நடக்கலை. சாஸ்திரியார் படிப்பை நிறுத்த விடாம பணம் கொடுத்துத் தாங்கினார். அவரோட முழுப் பெயரைக்கூட நான் படிச்ச எந்தக் கட்டுரையும் சொல்லலை. சாஸ்திரியார், அவ்வளவுதான். ஒரு கணித மேதையோட வாழ்க்கையில ஒரு வரி.

ஜீன்காரங்க இப்போ என்ன சொல்வாங்கன்னு தெரியும். சாஸ்திரியார் எத்தனையோ பசங்களுக்குப் பாடம் எடுத்திருப்பாரே, மத்தவங்க ஏன் பிள்ளை ஆகலை? நியாயமான கேள்வி. அதைத் தள்ளிட்டுப் போக முடியாது. ஒரே வகுப்புல உட்கார்ந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் முன்னாடி போறதுல பிறவி வித்தியாசத்துக்குப் பங்கு இருக்கு. ஒரே மாதிரி இரட்டையர்களையும் சாதாரண இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. ஐக்யூ மதிப்பெண்ல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல ஏறத்தாழ பாதி ஜீன் வித்தியாசத்தோட சேர்ந்து போகுது. சின்ன வயசுல அது குறைவா இருந்து, வயசாக ஆக ஏறுது. அதனால ஜீன் எல்லாம் சும்மான்னு நான் சொல்ல வரலை.

நான் கேட்கிறது அதுக்கு முந்தின கேள்வி. அந்த வகுப்புக்குள்ள யார் உட்கார்ந்தாங்க?

செங்கோட்டை அன்னிக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-லதான் நம்ம பக்கம் வந்தது. கல்விக்குக் கணிசமா செலவு பண்ணின சமஸ்தானம் அது. பிள்ளை படிச்ச பள்ளிக்கூடம், பிறகு இன்டர்மீடியட் படிச்ச நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பி.ஏ. படிச்ச திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, எல்லாமே அந்த எல்லைக்குள்ளதான். ரெண்டு கல்லூரியிலயும் உதவித்தொகையில படிச்சார். நல்ல சமஸ்தானம், நல்ல சூழல்னு எழுதிட்டு நகர்ந்துடலாம். ஆனா பிள்ளை பையனா புத்தகம் தூக்கிட்டுப் போன அதே 1910-கள்ல, அதே சமஸ்தானத்துல அய்யன்காளி ஒரு போராட்டம் நடத்திட்டு இருந்தார். புலையர் சமூகத்துக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கச் சொல்லி. பஞ்சமின்னு ஒரு சிறுமியைக் கூட்டிக்கிட்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பஞ்சமி உட்கார்ந்த பள்ளிக்கூடத்தையே ஆதிக்க சாதிக்காரங்க கொளுத்திட்டாங்க. அரசாங்க உத்தரவு ஏற்கெனவே இருந்தும் அதுதான் நடந்தது. அந்தப் பொண்ணோட ஜீன்ல என்ன இருந்ததுன்னு இனி எந்த ஆய்வும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கிற அளவுக்கு ஒரு பெஞ்சே அவளுக்குக் கிடைக்கலை.

இதைத்தான் ரிச்சர்ட் லெவன்டின்ங்கிற அமெரிக்க உயிரியலாளர் 1970-ல ஒரு உதாரணத்தை வெச்சு விளக்கினார். அவர் சொன்னது சோளத்தை வெச்சு. நான் எங்க ஊர்ப் பயிருக்கு மாத்திக்கிறேன். ஒரே மூட்டையில இருந்து சூரியகாந்தி விதை எடுங்க. ஒவ்வொரு விதையும் கொஞ்சம் வேற வேறயா இருக்கிற நாட்டு விதையா இருக்கணும். கடையில வாங்குற ஹைபிரிட் எல்லாம் ஒண்ணு போலவே வரும், அது இதுக்கு ஆகாது. பாதியை நல்லா உரம் போட்டு, குளத்துத் தண்ணி பாயுற வயல்ல விதைங்க. மீதியை வறண்ட பாறை ஓரத்துல விதைங்க. முதல் வயலுக்குள்ள எல்லாச் செடிக்கும் ஒரே மண், ஒரே தண்ணி. அங்க ஒரு செடி நெட்டையாவும் இன்னொண்ணு குட்டையாவும் இருந்தா காரணம் முழுக்க விதைதான். பாறை ஓரத்துலயும் அப்படியே. ஆனா ரெண்டு வயலோட சராசரி உயரத்துக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம்? அது முழுக்க மண்ணும் தண்ணியும். விதைக்கு அதுல பங்கே இல்லை, ஏன்னா மூட்டை ஒண்ணுதான்.

ஹெரிட்டபிலிட்டின்னு பேப்பர்ல வர்ற சதவீதம் ஒரு வயலுக்குள்ள இருக்கிற வித்தியாசத்தைப் பத்தினது. உங்க மூளையில இத்தனை சதவீதம் அப்பா அம்மா கொடுத்தது, மீதி ட்யூஷன் சென்டர் கொடுத்ததுன்னு அர்த்தம் இல்லை. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா ஹாஸ்டல் சண்டையில பாதி தீர்ந்துடும். உயரத்தையே எடுத்துக்கோங்க. ஐக்யூவை விட அதிகமா, எண்பது சதவீதம் வரைக்கும் ஜீன் வித்தியாசத்தோட போற விஷயம். ஆனாலும் வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே மக்கள், தெற்குல வளர்ந்தவங்க சராசரியா வடக்குல வளர்ந்தவங்களை விட உயரம்.

மனுஷங்க கிட்ட இதைப் பார்த்த ஒரு ஆய்வு 2003-ல வந்தது. எரிக் டர்க்ஹைமரும் அவரோட குழுவும் அமெரிக்காவுல ஏழு வயசு இரட்டையர்களோட ஐக்யூ டேட்டாவை எடுத்து, குடும்ப வசதியோட சேர்த்துப் பார்த்தாங்க. வசதியான வீடுகள்ல பிள்ளைகளோட வித்தியாசத்துக்கு ஜீன்தான் பெரும்பாலும் காரணமா தெரிஞ்சது. ரொம்ப ஏழை வீடுகள்ல ஜீனோட பங்கு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு. அறுபது சதவீத வித்தியாசம் வீட்டுச் சூழலோட போச்சு. பாறை ஓரத்துல விதையோட தரம் வெளியவே தெரியலைங்கிற மாதிரி. பின்னாடி ஐரோப்பாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் இதே மாதிரி பார்த்தப்போ இந்த வித்தியாசம் அப்படித் தெரியலை. அங்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஓரளவு உறுதியா கிடைக்குது, அதனால இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எனக்கு அது சரின்னு படுது.

பிள்ளை கதைக்கு வர்றேன். அவர் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ரெண்டு வருஷ எண்கள்தான். 1927, 1929.

1927-லதான் சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்துக்குன்னு தனித் துறை தொடங்குச்சு. அதே வருஷம் பிள்ளைக்கு அங்க ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்குது. வழிகாட்டினவங்க ஆனந்த ராவும் வைத்தியநாதசுவாமியும். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜ்ல ஹார்டிகிட்ட பயிற்சி எடுத்துட்டு வந்து பிரசிடென்சி கல்லூரியில பேராசிரியரா இருந்தவர். அவரோட மாணவர்கள் பட்டியலைப் பாருங்க: பிள்ளை, மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன். மூணு பேரும் உலக அளவுல பெயர் வாங்கினவங்க. ஒரே வாத்தியார்கிட்ட மூணு பேர் இப்படி வந்தா, நம்ம டிபார்ட்மென்ட்ல எந்த லேப்ல மட்டும் வருஷா வருஷம் நல்ல ப்ராஜெக்ட் வருதுன்னு யோசிச்சுப் பார்க்கத் தோணுதுல்ல?

1929-ல சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆரம்பிக்குது. அதே வருஷம் பிள்ளை அங்க விரிவுரையாளர். பன்னிரண்டு வருஷம், 1941 வரைக்கும் அங்கதான். அவரோட பெரிய வேலைகள்ல முக்கால்வாசி அங்க செஞ்சதுதான்.

இப்போ இவரை விடப் பதிமூணு வயசு மூத்த ஒருத்தரைப் பக்கத்துல வைங்க. ராமானுஜன், 1887-ல பிறந்தவர். கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காம எஃப்.ஏ. பரீட்சையில தோத்து, கும்பகோணம் கல்லூரியில உதவித்தொகையை இழந்து, 1912-ல சென்னைத் துறைமுகத்துல முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தார். அவர் 1913-ல ஹார்டிக்கு எழுதின கடிதம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா கடிதம் எழுத வேண்டிய நிலைமை ஏன் வந்தது? அவருக்கு அந்த வயசுல இங்க கணித ஆராய்ச்சித் துறையும் இல்லை, ஆனந்த ராவும் இல்லை, சிதம்பரமும் இல்லை. ராமானுஜன் 1920-ல இறந்துட்டார். அப்போ பிள்ளைக்கு பத்தொன்பது வயசு. பிள்ளைக்குக் கதவு திறந்து கிடந்ததுக்கு ஒரு காரணம், ராமானுஜன் அந்தக் கதவை முட்டி முட்டிக் காட்டிட்டுப் போனதுதான்னு நான் நினைக்கிறேன். விதையில ராமானுஜன் பெரியவரா பிள்ளை பெரியவராங்கிற பேச்சே வேண்டாம், அதுல சந்தேகம் இல்லை. பெரிய விதைக்குக் கப்பல் ஏற வேண்டி வந்தது, அடுத்ததுக்கு சிதம்பரத்துலயே இடம் கிடைச்சது. ரெண்டு பேருக்கும் நடுவுல மாறினது ஊர்தான்.

சிதம்பரத்துல அவர் செஞ்ச வேலை என்னன்னு சொல்லாம போனா இஞ்சினியரிங் பசங்க என்னை விட மாட்டாங்க. எளிமையா சொல்றேன், பேப்பர் எடுத்துக்கோங்க.

எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கங்களோட கூட்டலா எழுதலாம். இதை லக்ராஞ்ச் 1770-ல நிரூபிச்சார். அதே வருஷம் எட்வர்ட் வேரிங்ங்கிற இங்கிலாந்துக்காரர், கனம்னா ஒன்பது போதும், நாலாம் அடுக்குன்னா பத்தொன்பது போதும், இப்படியே எந்த அடுக்குக்கும் ஒரு எல்லை உண்டுன்னு நிரூபணம் இல்லாமலே சொல்லிட்டுப் போயிட்டார். எத்தனை போதும்? மோசமான எண்ணைத் தேடிப் பார்த்தா ஒரு விடை கண்ணுல படும். 23-ஐ எடுங்க. 27 அதை விடப் பெருசு, அதனால 8-ம் 1-ம் மட்டும்தான் கையில. ரெண்டு எட்டு, ஏழு ஒண்ணு. மொத்தம் ஒன்பது. ஆறாம் அடுக்குக்குப் போங்க. 1, 64, அடுத்தது 729. இப்போ 703-ஐ எடுத்தா 729-ஐத் தொட முடியாது. பத்து 64, அறுபத்து மூணு 1. மொத்தம் 73. அதாவது ஆறாம் அடுக்குக்கு 73-க்குக் குறைஞ்சு போதாதுங்கிறது நமக்கே ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடுது. ஆனா 73 எல்லா எண்ணுக்கும் போதுமா? அதுதான் மலை. பிள்ளை 1940-ல போதும்னு நிரூபிச்சார்.

அதுக்கு முன்னாடியே, 1936-ஐ ஒட்டி, அதை விடப் பெரிய அடுக்குகளுக்குப் பொதுவான சூத்திரத்தை ஒரு நிபந்தனையோட நிரூபிச்சிட்டார். அடுக்கு k-ன்னா, இரண்டின் k அடுக்கு, அதோட ஒன்றரையின் k அடுக்குல தசமத்தை வெட்டின முழு எண், அதுல இருந்து ரெண்டைக் கழிக்கணும். ஆறுக்குப் போட்டுப் பாருங்க: 64, 11, கழித்தல் 2. 73 வருதா? அதே சமயத்துல அமெரிக்காவுல எல்.இ. டிக்சனும் தனியா இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். டிக்சன் இருந்தது சிகாகோ பல்கலைக்கழகத்துல, உலகத்துலயே பெரிய கணிதத் துறைகள்ல ஒண்ணு. பிள்ளை இருந்தது ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆன சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்துல. மிச்சம் இருந்த ரெண்டும் எவ்வளவு கஷ்டம்னா, ஐந்தாம் அடுக்கை 1964-ல சென் ஜிங்ருன் முடிச்சார். நாலாம் அடுக்கு 1986-ல முடிஞ்சது. அதை முடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் நம்ம ஆர். பாலசுப்பிரமணியன், பின்னாடி பிள்ளையோட எல்லாக் கட்டுரைகளையும் தொகுத்து 2010-ல வெளியிட்டவங்கள்லயும் அவர் ஒருத்தர்.

இப்படி ஒரு ஆளோட டிஎன்ஏ இன்னிக்கு நம்ம கையில இருந்தா முன்கூட்டியே கண்டுபிடிச்சிருக்கலாமா? 2018-ல பதினோரு லட்சம் பேரோட டிஎன்ஏவை வெச்சு, யார் எத்தனை வருஷம் படிச்சாங்கன்னு பார்த்த பெரிய ஆய்வு வந்தது. சம்பந்தம் இருக்கிற இடங்கள் 1,271 கிடைச்சது. ஒவ்வொண்ணோட பங்கும் தூசி மாதிரி. எல்லாத்தையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டாலும் படிப்பு வித்தியாசத்துல 11-ல இருந்து 13 சதவீதம்தான் பிடிபட்டது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்களுக்கு. மத்தவங்களுக்கு அந்த மதிப்பெண் இன்னும் மோசமாத்தான் வேலை செய்யுது. கணக்கு ஜீன்னு ஒண்ணு எங்கயும் உட்கார்ந்திருக்கலை. உமிழ்நீர் டெஸ்ட் எடுத்து உங்க குழந்தை டாக்டரா இஞ்சினியரான்னு சொல்றோம்னு விளம்பரம் வந்தா, அதுக்குக் கொடுக்கிற காசுல ரெண்டு நல்ல புத்தகம் வாங்கலாம். செங்கோட்டையில சாஸ்திரியார் வெறும் கண்ணால பார்த்துக் கண்டுபிடிச்சது இந்த மதிப்பெண்ணுக்குப் பிடிபட்டிருக்காது.

1941-ல பிள்ளை திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கொஞ்ச நாள்ல கல்கத்தா. அங்க கூப்பிட்டவர் எஃப்.டபிள்யூ. லெவி. யூதர்ங்கிறதால நாஜி ஜெர்மனியில வேலை பறிபோய், கல்கத்தா பல்கலைக்கழகத்துல கணிதத் துறைத் தலைவரா வந்து உட்கார்ந்தவர். லைப்சிக்ல இருந்து துரத்தப்பட்ட ஒருத்தர் வல்லத்துல பிறந்த ஒருத்தரைக் கல்கத்தாவுக்குக் கூப்பிடுறார். அதுக்கு அப்புறம் பிள்ளை திரும்பவும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே வந்துட்டார்.

1950-ல பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஒரு வருஷத்துக்கு வரச் சொல்லி அழைச்சது. ஐன்ஸ்டைன் அப்போ அங்கதான் இருந்தார். போற வழியில ஹார்வர்டுல நடக்கிற சர்வதேசக் கணித மாநாட்டுலயும் சென்னைப் பல்கலைக்கழகத்தோட பிரதிநிதியா கலந்துக்கணும். மாநாடு ஆகஸ்ட் 30-ல ஆரம்பிச்சது. பிள்ளை போன டி.டபிள்யூ.ஏ. விமானம் பம்பாய்ல இருந்து நியூயார்க் போறது. ஆகஸ்ட் 31 ராத்திரி கெய்ரோவுல இருந்து ரோமுக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துல எஞ்சின்ல தீப்பிடிச்சு பாலைவனத்துல விழுந்தது. அதுல இருந்த 55 பேரும் இறந்துட்டாங்க. பிள்ளைக்கு வயசு நாற்பத்தொன்பது.

ஒரு கேள்வியை விட்டுட்டுப் போயிருக்கார். 8-ம் 9-ம் பாருங்க: ஒண்ணு இரண்டோட கனம், இன்னொண்ணு மூணோட வர்க்கம், வித்தியாசம் 1. இப்படி வித்தியாசம் 1 வர்ற ஜோடி வேற கிடையாதுன்னு 1844-ல கத்தலான் ஊகிச்சு, 2002-ல மிஹைலெஸ்கு நிரூபிச்சிட்டார். பிள்ளை அதை விரிச்சார். 1 மட்டும் இல்லை, எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அப்படிப்பட்ட ஜோடிகள் ஒரு எண்ணிக்கையோட நின்னுடும்னு சொன்னார். பிள்ளை ஊகம்னுதான் அதுக்கு உலகம் முழுக்கப் பெயர். வித்தியாசம் 2-க்கு 25-ம் 27-ம் தெரியும். இன்னொரு ஜோடி இருக்கா இல்லையான்னு யாரும் இதுவரை நிரூபிக்கலை. வித்தியாசம் 6-க்கு ஒரு ஜோடிகூட யாருக்கும் கிடைக்கலை.